தாதியர் படிப்புக்கு முன் டிபிஎஸ் சோதனையும் உடல்நலத் தகுதிச் சோதனையும்: மூன்றாம் ஆண்டு மாணவியின் மதிப்பீடு

இங்கிலாந்தில் தாதியர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று 2023 மே மாதத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, வீட்டில் எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருக்க, நான் மட்டும் அதன் கடைசிப் பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனையும் உடல்நலத் தகுதிச் சோதனையும் திருப்தியாக முடிந்தால்தான் இந்த இடம் உறுதியாகும் என்று அதில் எழுதியிருந்தது. இன்று நான் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். அந்த இரண்டு சோதனைகளையும், அதன்பின் ஆண்டுதோறும் வரும் உறுதிமொழிகளையும் கடந்து வந்தவள் என்பதால், நம்மவர்களில் அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசு நடத்தும் டிபிஎஸ் சோதனை ஒழுங்கானது, அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைச் சுற்றிப் பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கேட்கும் கேள்விகளில், எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்ற விளக்கம் இல்லை. பிள்ளைகள் அடிபடுவது அந்த இடத்தில்தான்.

டிபிஎஸ் என்பது 2012 டிசம்பரில் உருவான அமைப்பு. அதற்கு முன் இருந்த பெயரைப் பழகியவர்கள் இன்றும் 'சிஆர்பி செக்' என்றே சொல்கிறார்கள்; இரண்டும் ஒன்றேதான் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் பல நிலைகள் உண்டு. கடையில் வேலைக்குச் சேருகிறவரிடம் கேட்கக்கூடிய அடிப்படைச் சோதனை வேறு. தாதியர், மருத்துவம், ஆசிரியப் பயிற்சி, சமூகப் பணி போன்ற படிப்புகளுக்குக் கேட்கப்படும் 'என்ஹான்ஸ்டு' எனப்படும் மேல்நிலைச் சோதனை வேறு. இந்த மேல்நிலைச் சோதனையில் நீதிமன்றத் தீர்ப்புகளும் பொலிஸ் எச்சரிக்கைகளும் பார்க்கப்படுவதோடு, உள்ளூர்ப் பொலிஸ் தன்னிடமுள்ள வேறு தகவல் இந்தப் பணிக்குப் பொருத்தமானது என்று கருதினால் அதையும் சேர்க்கலாம். சிறுவர்களோடும் பாதுகாப்புத் தேவைப்படும் பெரியவர்களோடும் பணிபுரியத் தடை செய்யப்பட்டவர்களின் இரண்டு பட்டியல்களும் சரிபார்க்கப்படுகின்றன.

தீர்ப்பு வராத தகவலையும் ஏன் சேர்க்கிறார்கள் என்று நானும் முதலில் மனம் புழுங்கினேன். 2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவன், அங்குள்ள பள்ளி ஒன்றின் பராமரிப்பாளனாக இருந்தவன். அவனைப் பற்றி வேறொரு பகுதிப் பொலிஸாரிடம் முன்னரே பல முறைப்பாடுகள் வந்திருந்தும், அவை அவனை வேலைக்கு எடுத்த பள்ளியை எட்டவில்லை. அதை ஆராய்ந்த பிச்சார்ட் விசாரணையின் அறிக்கை 2004இல் வெளிவந்தது. அதன் பரிந்துரையிலிருந்து 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றைய தடைப் பட்டியல் முறையும் பிறந்தன. பிளேஸ்மென்ட் எனப்படும் பணியிடப் பயிற்சியின் முதல் தவணையில், நினைவாற்றல் இழந்த முதியவர் ஒருவரை, சுற்றிலும் திரை இழுத்துவிட்டு, தனியாக நின்று குளிப்பாட்டிய காலையில் எனக்கு இது முழுமையாக விளங்கியது. அவருக்கு என் பெயர் தெரியாது, நான் செய்வதை மறுக்கும் பலமும் கிடையாது. அந்தத் திரைக்குள் யாரை விடுவது என்று முன்கூட்டியே கேட்பது அவருடைய பிள்ளைகள் செய்ய வேண்டிய காரியம். அவர்களுக்குப் பதிலாக இந்தச் சோதனை அதைச் செய்கிறது.

இருந்தாலும் 'பொலிஸ்' என்ற சொல் நம்மில் பலருக்கு வேறு நினைவுகளோடு வருகிறது என்பதை இங்குள்ள அலுவலர்கள் அறிவதில்லை. நான் வவுனியாவில் வளர்ந்தவள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றதும், பாஸ் எனும் பயண அனுமதிச் சீட்டு எடுக்காமல் நகர முடியாமல் இருந்ததும், பெயரும் ஊரும் எங்காவது எழுதப்படும்போது அம்மாவின் முகம் மாறியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே ஐந்து ஆண்டுகளில் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் நாள் தவறாமல் எழுதச் சொல்லும் படிவம் திரையில் விரிந்தபோது, தவறே செய்யாத எனக்கும் கை நடுங்கியது. இதை வாசிக்கும் சிலருக்கும் அப்படி நடுங்கலாம் என்பதால் சொல்கிறேன்: அந்த முகவரிகள், எந்தப் பகுதிப் பொலிஸாரிடம் விசாரிப்பது என்று தீர்மானிப்பதற்காகக் கேட்கப்படுகின்றன.

படிவத்தில் நம்மவர்களுக்கு வரும் பெரிய சிக்கல் பெயர்தான். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் என் பெயரும், மற்றப் பெயர்களுக்கான இடத்தில் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. வங்கியில் கணக்குத் திறந்தபோது அது தலைகீழாகப் பதியப்பட்டுவிட்டது. இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் தரும்படி படிவம் கேட்கிறது. திருமணத்தின்பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்களும், ஊர்ச் சான்றிதழில் ஓரெழுத்து மாறியிருப்பவர்களும், எல்லா வடிவங்களையும் காலத்தோடு எழுதிவிடுவதே நல்லது. நான் வங்கியில் இருந்த வடிவத்தை எழுத மறந்துவிட்டேன். அடையாளம் சரிபார்க்கும் மேசையில் இருந்த பெண், கடவுச்சீட்டை இடப்பக்கமும் வங்கிக் கடிதத்தை வலப்பக்கமும் வைத்து, ஓர் அளவுகோலை வரியின் கீழே வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பொருத்திப் பார்த்தார். பதினெட்டு எழுத்துள்ள அப்பாவின் பெயரில் 'ஏ' ஒன்று குறைவதை அவர்தான் கண்டுபிடித்தார். கோபப்படவில்லை, படிவத்தைத் திறந்து, "இதையும் சேர்த்துவிடுவோம், பிறகு கேள்வி வராது" என்று சொல்லித் தானே சேர்த்தார். முழுச் சேவையிலும் என்னை மனிதராக நடத்திய முதல் ஆள் அவர். இந்த வேலையை அவசரமில்லாமல் செய்ய ஓர் ஆளை வைத்திருந்ததற்காகப் பல்கலைக்கழகத்தைப் பாராட்ட வேண்டும்.

ஆவணங்கள் அசலாகவே இருக்க வேண்டும். வங்கிக் கடிதம் மூன்று மாதத்துக்கு உட்பட்டதாகவும், கவுன்சில் வரிக் கடிதம் பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். கைபேசிக் கட்டண ரசீதை முகவரிச் சான்றாக எடுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் காகிதமில்லாமல் செய்து பழகிவிட்டவர்கள், வங்கிக்குச் சொல்லி ஒரு கடிதத்தைத் தபாலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். என்னோடு அன்று வரிசையில் நின்றவர்களில் மூன்று பேர் இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தைப் பற்றி ஒரு தெளிவு தேவை. டிபிஎஸ் அமைப்பால் இலங்கையிலோ இந்தியாவிலோ உள்ள குற்றப் பதிவுகளைப் பார்க்க முடியாது. ஆகவே அண்மைய ஆண்டுகளில் அங்கு வாழ்ந்திருந்தால், அந்த நாட்டுப் பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கும். நான் 2019 அக்டோபரில் வந்தவள் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். இலங்கையர்கள் கொழும்புப் பொலிஸ் தலைமையகத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பாஸ்போர்ட் சேவா வழியாகவோ தூதரக வழியாகவோ பெறலாம். எங்கள் வீட்டு முகவரி 'பிள்ளையார் கோவிலடி' என்பதோடு முடிந்துவிடும். வீட்டு இலக்கமும் இல்லை, தபால் குறியீடும் தெருப் பெயரும் இல்லை. இங்கே எழுதிய முகவரியும் அங்கே எழுதிய முகவரியும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கும்படி ஒரு தாளில் முதலில் எழுதி வைத்துக்கொண்டு நிரப்பினேன். குறை என்னவென்றால், இந்தச் சான்றிதழ் தேவைப்படும் என்று பல்கலைக்கழகம் எனக்குச் சொன்னது ஜூலை மாதத்தில். மே மாத மின்னஞ்சலிலேயே ஒரு வரி சேர்த்திருந்தால், செப்டம்பர் வகுப்பு தொடங்கும்வரை இரவில் தூக்கமில்லாமல் கிடந்திருக்க மாட்டேன்.

கட்டணத்தை நான்தான் கட்டினேன்: அப்போது 38 பவுண்டு, அதற்கு மேல் விண்ணப்பத்தைக் கையாளும் நிறுவனத்துக்கு ஒரு சிறு தொகை. 2024 டிசம்பரிலிருந்து அரசுக் கட்டணம் 49 பவுண்டு 50 பென்ஸ் ஆகிவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் இதைத் தாங்களே ஏற்கின்றன. சம்பளத்துக்கு வேலை செய்யாத மாணவரிடம் இதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சான்றிதழ் மாணவரின் வீட்டுக்கே வருகிறது, பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகப் போவதில்லை. இது நல்ல ஏற்பாடு: தவறு ஏதும் இருந்தால் முதலில் பார்ப்பவர் நீங்களாகவே இருப்பீர்கள், திருத்தச் சொல்லிக் கேட்கவும் முடியும். நான் இருந்த பகிர்வு வீட்டில் தபால்களை மாடிப்படியின் கீழ்ப் படியில் குவித்து வைப்பார்கள். பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவில் என் சான்றிதழ் ஒன்பது நாள் கிடந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால், வலப்பக்க ஓரத்தில் மகுடச் சின்ன நீர்க்குறியோடு ஒரு தாள். ஒவ்வொரு கட்டத்திலும் 'பதிவு எதுவும் இல்லை' என்ற ஆங்கிலச் சொற்கள். அதை அம்மாவுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். "இங்கிலீசுக்காரன் எழுதித் தந்திட்டான், இனி என்ன" என்று அவர் சொன்னபோது இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்த ஒன்பது நாள் ஏன் முக்கியம் என்றால், சான்றிதழ் வெளியான தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் 'அப்டேட் சர்வீஸ்' என்ற தொடர் சேவையில் பதிய வேண்டும். அன்று ஆண்டுக்கு 13 பவுண்டு, இப்போது 16 பவுண்டு. பதிந்துவிட்டால் அடுத்து வேலைக்குச் செல்லும் இடம், அதே வகைச் சோதனையைக் கேட்கும்பட்சத்தில், உங்கள் அனுமதியோடு இணையத்திலேயே பார்த்துக்கொள்ளும். நாளைத் தவறவிட்டால் புதிய சோதனை எடுத்தபின்தான் சேர முடியும். படிக்கும் காலத்தில் பராமரிப்பு இல்லங்களில் பகுதி நேர வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி என் முக்கியமான குறை. என் வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான், வயது இருபது. பதினைந்து வயதில் கடையில் ஒரு பொருளை எடுத்ததற்காகப் பொலிஸார் அவனுக்கு ஓர் இளையோர் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பழைய விதியில் இரண்டு இடங்கள் நியாயமற்றவை என்று சொன்னதன் தொடர்ச்சியாக, 2020 நவம்பர் 28 முதல், பதினெட்டு வயதுக்கு முன் பெற்ற எச்சரிக்கைகள் சான்றிதழில் தாமாக இடம்பெறுவதில்லை. பெரியவர்கள் பெற்ற எச்சரிக்கையும் ஆறு ஆண்டுகளுக்குப் பின் நீங்கிவிடும். தண்டனைத் தீர்ப்பு பெரியவர்களுக்குப் பதினொரு ஆண்டுகளிலும், பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஐந்தரை ஆண்டுகளிலும் நீங்கும். சிறைத் தண்டனை பெற்றிருந்தாலோ, வன்முறை, பாலியல் போன்ற குறிப்பிட்ட பட்டியலில் உள்ள குற்றமாக இருந்தாலோ இது பொருந்தாது. உள்ளூர்ப் பொலிஸ் தன் விருப்பத்தில் சேர்க்கும் தகவல் என்ற வாசல் மட்டும் எப்போதும் திறந்தே இருக்கும். அப்படிச் சேர்த்தது தவறென்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்க உரிமை உண்டு. இவ்வாறு நீங்கிய பதிவுகளைச் சட்டம் 'பாதுகாக்கப்பட்டவை' என்கிறது. அவற்றைப் பற்றி மாணவர் சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் பல்கலைக்கழகம் அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தின் படிவத்தில் இருந்த கேள்வி, 'உங்களுக்கு எப்போதாவது எச்சரிக்கையோ தண்டனையோ கிடைத்திருக்கிறதா' என்பது மட்டும்தான். 'பாதுகாக்கப்பட்டவை' என்ற சொல்லே அதில் இல்லை. அவன் நேர்மையாக 'ஆம்' என்று எழுதினான். மூன்று பேர் கொண்ட குழுவின் முன் அழைக்கப்பட்டான். ஆறு வாரம் காத்திருந்தான். முதல் பிளேஸ்மென்டைத் தவறவிட்டு, அந்த மணிநேரங்களைக் கோடை விடுமுறையில் ஈடு செய்தான். இறுதியில் குழு சொன்னது, இதை நீ எழுதியிருக்கவே தேவையில்லை என்பது. அந்த ஆறு வாரத்தில் அவன் நூலகத்தில் என் எதிர் மேசையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். உண்மை சொன்ன பிள்ளையை அதற்காகவே தண்டிக்கும் படிவம் திருத்தப்பட வேண்டும். இரண்டு வரி விளக்கம் போதும், அதற்குச் செலவும் இல்லை. இந்த ஆண்டுப் புதிய மாணவர்களின் படிவத்திலும் அதே கேள்விதான் இருக்கிறது.

வேகக் கட்டுப்பாட்டை மீறி, நீதிமன்றம் போகாமல், அபராதத்தோடு ஓட்டுநர் உரிமத்தில் மூன்று பாயின்ட் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கவலையோடு கேட்டிருக்கிறார்கள். அது குற்றத் தீர்ப்பு ஆகாது. 2019ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு எல்லா மாணவரிடமும் குற்றப் பின்னணி கேட்பதை நிறுத்திவிட்டாலும், தாதியர் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அந்தக் கேள்வி தொடர்கிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

முடிவு உங்களுக்கு எதிராகப் போனால் என்ன செய்வது என்பதைப் பல்கலைக்கழகம் தானாக விளக்காது. நீங்கள் பதிவு செய்த மாணவராக இருந்தால், உள்முறையீடு முடிந்தபின் தரப்படும் இறுதிக் கடிதத்தின் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான உயர்கல்வி முறைப்பாடுகளை விசாரிக்கும் அமைப்பான ஓஐஏவிடம் கட்டணமின்றி முறையிடலாம். இன்னும் விண்ணப்பதாரராகவே இருந்தால் அந்த வாசல் கிடையாது. சேர்க்கை பற்றிய முறைப்பாடுகளை அவர்கள் எடுப்பதில்லை. எனவே சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும், அதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலச் சோதனையை நான் அஞ்சிய அளவுக்கு அது கடுமையாக இல்லை. 2017இல் ஊரில் எனக்கு மனச்சோர்வு வந்து, பதினான்கு மாதம் மருந்து எடுத்தேன். கேள்வித்தாளில் அதற்கான கட்டம் இருந்தது. மாமி ஒருவர் தொலைபேசியில், "உதையெல்லாம் ஏன் பிள்ளை எழுதப் போறாய்? இல்லையெண்டு போட்டிட்டு விடு" என்று சொன்னார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதினேன். தாதியர் ஒழுங்குபடுத்தும் மன்றமான என்எம்சி கேட்கும் 'நல்ல உடல்நலம்' என்பதன் பொருள், நோயே இல்லாமல் இருப்பதல்ல. உரிய வசதிகளோடோ அவை இல்லாமலோ பாதுகாப்பாகப் பணிசெய்ய முடியுமா என்பதுதான் என்று அவர்களுடைய வழிகாட்டலிலேயே இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பொறுப்பைச் சுமத்துகிறது.

தொழில்சார் சுகாதாரப் பிரிவின் மருத்துவர் என்னை அழைத்து நாற்பது நிமிடம் பேசினார். என்ன நோய் என்பதைவிட, மீண்டும் வந்தால் முதலில் எதைக் கொண்டு அறிந்துகொள்வேன், யாரிடம் சொல்வேன் என்றே அதிகம் கேட்டார். தூக்கம் கெடுவதுதான் முதல் அறிகுறி என்றேன். என் குடும்ப மருத்துவரான ஜீ.பி.யிடமிருந்து ஒரு கடிதம் வாங்கினார். பணிக்குத் தகுதி, தொடர்ச்சியாக மூன்று இரவுப் பணிகளுக்கு மேல் வேண்டாம் என்று எழுதினார். நோயின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. அந்த ஒரு வரி மட்டும்தான் போனது. நான் மறைத்திருந்தால் அந்த வரி கிடைத்திருக்காது, இரண்டாம் ஆண்டில் அது எனக்கு மிகவும் தேவைப்பட்டது. மறைத்தது பின்னால் தெரியவந்தால், நோயைவிட மறைத்ததே பணிக்குத் தகுதியை ஆராயும் 'ஃபிட்னஸ் டு ப்ராக்டிஸ்' குழுவின் முன் பெரிய கேள்வியாக நின்றிருக்கும்.

தடுப்பூசிப் பகுதி எளிது. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையாகப் போட்டார்கள். இடது கையில் பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பை, சட்டைக் கையை மடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார் தாதி. கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்ததா என்று கேட்டார். ஏழு வயதில் வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தது நினைவிருந்தாலும் அதற்குக் காகிதம் கிடையாது என்பதால் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஊர்த் தடுப்பூசி அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுத்து வாருங்கள்.

ஸ்கொட்லாந்தில் இதே வேலையைப் பிவிஜி என்ற திட்டமும், வட அயர்லாந்தில் ஆக்சஸ் என்ஐயும் செய்கின்றன. விதிகளில் வேறுபாடு உண்டு. நான் எழுதியவை இங்கிலாந்துக்கானவை.

மொத்தத்தில் டிபிஎஸ் சோதனைக்கு ஐந்தில் நான்கரை, தொழில்சார் சுகாதாரப் பிரிவுக்கு ஐந்தில் ஐந்து, பல்கலைக்கழகத்தின் படிவத்துக்கும் அறிவிப்புகளுக்கும் ஐந்தில் இரண்டு என்பது என் மதிப்பீடு. சேர்ந்தபின் ஒவ்வோர் ஆண்டும் 'கடந்த முறைக்குப் பின் எதுவும் மாறவில்லை' என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் புதிய எச்சரிக்கையோ உடல்நல மாற்றமோ இருந்தால் அந்த ஆண்டு முடியும்வரை காத்திராமல் உடனே சொல்ல வேண்டும். அப்டேட் சர்வீஸில் பதிந்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: தானாகப் புதுப்பிக்கும் முறையைத் தேர்ந்திருந்தால், ஆண்டுக் கட்டணம் நீங்கள் கொடுத்த வங்கி அட்டையிலிருந்து எடுக்கப்படும். என் அட்டை சென்ற ஆண்டு காலாவதியானது. பணம் எடுக்கப்படும் நாளுக்கு நான்கு நாள் முன்புதான் நினைவு வந்து புதிய அட்டை இலக்கத்தைக் கொடுத்தேன்.